பொட்டலுக்கு விட்ட தண்ணீர்

நெருஞ்சி பிடுங்கும்போது ராக்கையா பின்னோக்கித்தான் நகர்வார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாற்று நடுகிற பெண்களைப் போல ஒவ்வோர் எட்டாகப் பின்னால் வைத்து, கைக்கு எட்டுகிற அகலத்துக்குத் தரையைத் தடவிக்கொண்டே வருவார். இடது பக்கம் ஓர் ஓலைப்பெட்டி கூடவே நகரும். பிடுங்கிய கொடியும் உதிர்ந்த முள்ளும் அதற்குள் போகும். கிழக்குக் கோல் கம்பத்தில் தொடங்கினால் மேற்குக் கோல் கம்பத்துக்கு வந்து சேர இரண்டு காலைப்பொழுது பிடிக்கும். சனிக்கிழமை பந்தாட்டம் என்றால் வியாழக்கிழமை விடியும்போதே பொட்டலில் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். யாரும் சொல்லிச் செய்கிற வேலை இல்லை. செய்யாதே என்று சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை.

"வெறுங்காலோட ஓடுற பயலுக. ஒரு முள்ளு ஏறுச்சுன்னா அம்புட்டு ஓட்டமும் போச்சு," என்பார். சொல்லிவிட்டு மறுபடி குனிந்துவிடுவார். அதற்கு மேல் பேசினால் ஒரு முள் கண்ணுக்குத் தப்பிவிடும் என்று பயம்.

மார்க்கையன்கோட்டையில் அவருக்கு மடைவேலை. வாய்க்காலில் வருகிற ஆற்றுத் தண்ணீரை எந்த வயலுக்கு, எந்த நாளில், எவ்வளவு நேரம் திறந்துவிடுவது என்பது அவர் பொறுப்பு. தோளில் மண்வெட்டி இல்லாமல் அவரைப் பார்த்தால் வேறு யாரோ என்று நினைத்து ஊர்க்காரர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். வயலுக்குத் தண்ணீர் போதுமா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி உண்டு. வலது குதிகாலைச் சேற்றில் ஊன்றி எடுப்பார். அந்தக் குழியில் தண்ணீர் ஊறி நிறைகிற நேரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். "வயிறு நெறஞ்சிருச்சு, அடைச்சிரலாம்," என்பார் ஒரு வயலைப் பார்த்து. பக்கத்து வயலில், "இவ இன்னும் கேக்குறா," என்பார். வயலுக்குச் சொந்தக்காரன் அவசரப்பட்டால் கோபம் வந்துவிடும். "நீ சொல்லாதப்பா. பயிரு சொல்லட்டும்." இருபது வருஷமாக அந்தக் குதிகால் சொன்ன தீர்ப்பை யாரும் தட்டிப் பேசியதில்லை.

இப்படிப்பட்டவருக்குப் பந்து எப்படிப் பிடித்தது என்றால், அதுவும் தண்ணீர் வழியாகத்தான் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு, மதுரையில் படித்துவிட்டு வந்த சில வாலிபர்கள் வாய்க்கால் ஓரத்துப் பொட்டலில் பந்து உதைக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் பந்து வாய்க்காலில் விழுந்து மடைக்கு வந்துவிட்டது. ராக்கையா கையைவிட்டு எடுத்தார். ஊறின தோல் பரங்கிக்காய் கனம் கனத்தது. துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றைக்குப் பொட்டலில் உட்கார்ந்தவர்தான். இந்த ஒன்பது வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட அந்தப் பந்தைக் காலால் தொட்டதில்லை. தன் பக்கம் உருண்டு வந்தால் குனிந்து எடுத்துத்தான் கொடுப்பார்.

ஆட்டம் நடக்கும்போது அவர் நிற்கிற இடம் வாய்க்கால் கரைமேல், கிழக்குக் கோலுக்குப் பின்னால். பந்தாட்டத்தின் சட்டதிட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது. கார்னர் எதற்கு, பவுல் எதற்கு என்று கேட்டால் விழிப்பார். ஆனால் பந்து எந்தப் பக்கம் ஓடப் பார்க்கிறது என்பது மட்டும் ஆடுகிறவர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். எதிராளி முன்னேறி வந்தால், "அடைலே! மடைய அடை! அங்கன கசியுது பாரு!" என்று கத்துவார். நம் ஆள் பந்தோடு போனால், "தொற! தொறந்து விடு!" என்பார். கோல் விழுந்தால், "ஒடைச்சிட்டான்டா கரைய!" என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு குதிப்பார். பக்கத்தில் நிற்கிறவர்கள் இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள்.

அவர் மனைவி சந்தனம்மாளுக்கு ஆட்டத்தின் முடிவை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. "செத்த வீட்டுலகூட மூணாம் நாளு சிரிச்சுருவாக. கோட்டை தோத்தா எங்க வீட்டுல எட்டு நாளைக்கு ஒல கொதிக்காது," என்பாள் தண்ணீர்த் துறையில். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். போன மாசி மாதம் வரைக்கும் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

போன மாசியில்தான் ஊருக்கு அந்த வாய்ப்பு வந்தது. பள்ளத்தாக்கின் நாலு கட்சிகள் ஒன்றோடொன்று ஆடுகிற கேடயப் போட்டி. எல்லா ஆட்டமும் முடிந்தபோது மார்க்கையன்கோட்டையும், மலைமேல் இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துக் கட்சியும் சமமாக நின்றன. தீர்த்துக்கொள்ள இன்னோர் ஆட்டம் ஆடியாக வேண்டும். எந்த ஊரில் ஆடுவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டு நம் ஊருக்கு விழுந்தது. கோட்டைக்காரர்கள் அன்றைக்கே கேடயம் வந்துவிட்ட மாதிரி வெடி போட்டார்கள். அதை எந்த இடத்தில் மாட்டுவது என்று சாவடியில் சண்டைகூட நடந்தது. ராக்கையா அந்தச் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. அவர் பேச்சிமுத்துவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சிமுத்து நெல் மில்லில் மூட்டை தூக்குகிறவன். இருபத்திரண்டு வயது. இடது காலால் உதைப்பான்; உதைத்தால் பந்து போகிற வழி தெரியாது, வலை ஆடுவதுதான் தெரியும். மலைக்காரர்களோடு முன்பு ஆடிய ஆட்டத்தில் பொட்டலின் சூடு தாங்காமல் அவனுடைய இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துத் தோல் உரிந்துவிட்டது. ராக்கையா விளக்கெண்ணெய் தடவி, வேப்பிலை வைத்துக் கட்டி, எட்டு நாள் பார்த்தார். சொந்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஊர்முறைக்கு அவன் அவரை மாமா என்பான்.

"மாமா, மலைக்காரனுகளப் பாத்துப் பயமில்ல. அவனுகளுக்குப் பூட்ஸு இருக்கு, சூடு தெரியாது. எனக்கு இந்தத் தரைய நெனச்சாத்தான் பயம்," என்றான் கட்டை அவிழ்க்கும்போது.

"தரைய நான் பாத்துக்கிடுறேன். நீ பந்தப் பாரு," என்றார் ராக்கையா.

அந்த வாக்குத்தான் எல்லாவற்றுக்கும் காரணம். வழக்கமாக அவர் ஆட்டத்தன்று காலையில் நாலைந்து குடம் தண்ணீர் மொண்டுவந்து கோல் கம்பங்களுக்கு முன்னால் புழுதி அடங்கத் தெளிப்பார். இந்தத் தடவை அது போதாது என்று தோன்றியது. பொட்டல் முழுவதும் ஒரே சீராக நனைந்து, ஒருநாள் காய்ந்து, காலுக்கு மெத்தென்று இருந்தால் பேச்சிமுத்து பறப்பான் என்று கணக்குப் போட்டார். வெள்ளிக்கிழமை காலை முறைத் தண்ணீர் அவருடைய சொந்த வயலுக்கு. முப்பது சென்ட், கதிர் வாங்குகிற பருவம். அந்த வயலின் மடையை அவர் திறக்கவில்லை. கரையை வெட்டி, தன்னுடைய முறை முழுவதையும் பொட்டலுக்கு விட்டார். அடுத்தவன் தண்ணீரில் ஒரு கை அள்ளவில்லை. அந்த வகையில் அவர் சுத்தமான ஆள்.

ஊரில் பாதிப்பேர் அன்று ஒரு கல்யாணத்துக்காகச் சின்னமனூருக்குப் போயிருந்தார்கள். மிச்சப்பேர் பொட்டல் பக்கம் வரவில்லை; தண்ணீர் பரவி நின்றதைப் பார்க்க ஆள் இல்லை. ராக்கையா மட்டும் கரைமேல் நின்று பார்த்தார். வெட்டிய கரையை அடைத்தார். மாலைக்குள் தண்ணீர் வற்றிவிட்டது. சனிக்கிழமை நண்பகலில் மேலே சேறு இல்லை, புழுதியும் இல்லை. வலது குதிகாலை ஊன்றிப் பார்த்தார். கால் இறங்கவில்லை. அடியில் லேசாக ஒரு குளிர்ச்சி மட்டும் தெரிந்தது.

கட்சியின் தலைவன் சுந்தர்ராஜ், ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார், வந்து மிதித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, தரை பட்டு மாதிரி இருக்குண்ணே," என்றான். விசில் ஊத வந்தவர் தரை சரியாக இருக்கிறதா என்று கேட்டபோதும், "அருமையா இருக்குங்க," என்று அவன்தான் சொன்னான். ராக்கையாவுக்கு நெஞ்சு ஒரு சாண் நிமிர்ந்தது. அன்று அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கரைமேல் ஏறினார்.

நூறு வயலின் தாகம் தெரிந்தவர் அவர். ஆனால் வயல் உழுத மண். தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். பொட்டலை யாரும் உழுததில்லை, விதைத்ததில்லை. ஒன்பது வருஷமாக ஓடி ஓடி மிதித்து அது களத்துமேடு போல இறுகிக் கிடந்தது. அந்தக் களிமண் தண்ணீரை உள்ளே விடாமல் இரண்டு விரல் ஆழத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டது. மேலே மட்டும் வெயில் பாலாடை போல ஓர் ஏடு போட்டிருந்தது. மெதுவாகக் குதிகாலை ஊன்றுகிற ஒருவரின் பாரத்தை அந்த ஏடு தாங்கியது. ஓடிவந்து திரும்புகிற இருபத்திரண்டு பேரைத் தாங்குமா என்று அவருடைய குதிகால் கேட்டுப் பார்க்கவில்லை.

முதல் பாதியில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பேச்சிமுத்து பறந்தான். பதினைந்தாவது நிமிஷத்தில் அவன் ஒரு கோல் போட்டபோது ராக்கையா குதித்த குதியில் கரை சரிந்தது. இடைவேளையில் மலைக்காரன் ஒருவன் கோலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். அடிப்பக்கத்தைக் கவிழ்த்து, குச்சியால் சேற்றைச் சுரண்டினான். அதில் தோலால் செய்த ஆறு குமிழ்கள் இருப்பதை ராக்கையா அன்றைக்குத்தான் பார்த்தார். மாட்டுக்கு லாடம் போல இவனுகளுக்கும் ஏதோ அடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். காய்ந்த பொட்டலில் சேறு எங்கேயிருந்து வந்தது என்று அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது பாதியில் ஏடு உடைந்தது. ஓடிய இடமெல்லாம் அடியில் இருந்த வழவழப்பு மேலே வந்தது. நம் ஆட்கள் திரும்பினால் கால் ஒருபக்கம், ஆள் ஒருபக்கம். மலைக்காரர்களின் குமிழ்கள் மண்ணைக் கவ்விக்கொண்டு போயின. "அடைலே! அடைலே!" என்று ராக்கையா தொண்டை கிழியக் கத்தினார். அடைக்க ஓடியவன் வழுக்கி உட்கார்ந்தான். ஒன்றுக்கு ஒன்று ஆயிற்று.

கடைசி இரண்டு நிமிஷம் இருக்கும்போது சுந்தர்ராஜ் அடித்த பந்து பேச்சிமுத்துவிடம் வந்தது. மலைக்காரர்களின் காவல்காரன் முன்னால் ஓடிவந்துவிட்டான். கோல் வெறுமனே கிடந்தது. எட்டடி தூரம். மாடு முட்டினால்கூடப் பந்து உள்ளே போகும் என்கிற தூரம். "தொற மாப்ள! தொற!" என்றார் ராக்கையா. பேச்சிமுத்து வலது காலை ஊன்றி இடது காலை ஓங்கினான். ஊன்றிய கால் அவனை விட்டுவிட்டுப் போனது. மல்லாக்க விழுந்தான். பந்து அப்படியே நின்றது. மலைக்காரன் ஒருவன் அதை எடுத்து நீளமாக உதைக்க, அங்கே அவர்களுடைய ஆள் தனியாக நின்றான். விசில் ஊதியபோது ஒன்றுக்கு இரண்டு.

பேச்சிமுத்து எழுந்திருக்கவில்லை. அவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டது மலைக்கட்சியின் தலைவன்தான். எழுந்து திரும்பியபோது அவன் முதுகு முழுவதும் ஈரக்களி அப்பியிருந்தது. மழை பெய்து இரண்டு மாதமான பொட்டலில் விழுந்தவன் முதுகில் ஈரம். ஜனங்கள் பந்தைப் பார்த்தார்கள், பேச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தார்கள், கேடயம் மலைக்காரர்களின் லாரியில் ஏறுவதைப் பார்த்தார்கள். ராக்கையா அந்த முதுகைத்தான் பார்த்தார். அவருக்கு அப்போதே எல்லாம் தெரிந்துவிட்டது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்து, லாரியின் சத்தம் அடங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டியில் மண் ஒட்டியதைக்கூடத் தட்டிவிடவில்லை.

தோல்வி என்றால் ஊருக்கு ஒரு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆள் கிடைத்துவிட்டான். எட்டடி தூரத்தில் யாராவது விழுவார்களா? மலைக்காரன் அவனைத் தூக்கிவிட்டானே, காதில் என்ன சொன்னான்? போன மாதம் எஸ்டேட்டில் வேலை இருக்குமா என்று கேட்டானாமே? சாயங்காலத்துக்குள் பேச்சிமுத்து மலைக்காரர்களுக்கு ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று முடிவாகிவிட்டது. திங்கட்கிழமை மில்லில் அவன் தூக்கிய மூட்டைக்குக் கைபிடித்துவிட யாரும் வரவில்லை. தனியாகத்தான் முதுகில் ஏற்றிக்கொண்டான்.

அன்று சந்தனம்மாள் களை பார்க்க வயலுக்குப் போய்விட்டு வேகமாகத் திரும்பி வந்தாள்.

"வயலு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. வெள்ளிக்கெழம மொறத்தண்ணி எங்க போச்சு?"

ராக்கையா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மூன்றாவது நாளாகச் சாப்பிடவில்லை. "பொட்டலுக்குப் போச்சு," என்றார்.

அவர் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். வயலைப் பற்றி ஒரு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப அந்தப் பய சும்மாவா பேச்சு வாங்குறான்?" என்றாள். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? சாவடியில போயிச் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை காலை ராக்கையா சாவடிக்குப் போனார். மண்வெட்டி இல்லாமல் போனார். அதனால் அவர் பேச ஆரம்பித்தபோது ஒன்றிரண்டு பேர் யார் என்று திரும்பிப் பார்த்தார்கள். ஊர்ப் பெரியவர் அழகுமலை நடுவில் இருந்தார். சுந்தர்ராஜும் ஓரமாக நின்றான்.

"பேச்சிமுத்து மேல குத்தமில்ல. பொட்டலுக்கு நான் தண்ணி விட்டேன். அதுலதான் வழுக்குனான்," என்றார் ராக்கையா. தலை நிமிரவில்லை.

"நீ எப்பவும் தெளிக்கிறதுதானப்பா," என்றார் அழகுமலை.

"தெளிக்கல. வாய்க்கால வெட்டி விட்டேன். எம் மொறத்தண்ணி பூராவும்."

அழகுமலை இரக்கத்தோடு சிரித்தார். "ராக்கையா, ஒனக்கு அவன் மேல பிரியம். அது ஊருக்கே தெரியும். அதுக்காகக் கதிரு வாங்குற வயலக் காயப்போட்டுப் பொட்டலுக்குப் பாச்சுனேன்னு சொன்னா எவன் நம்புவான்? மடைக்காரன் செய்யிற வேலையா அது?"

"செஞ்சிட்டேன். வந்து எம் வயலப் பாருங்க."

"சரி, விட்டேன்னே வச்சுக்கிடுவோம். ரெண்டு கட்சிக்கும் ஒரே தரைதான? அவுக ஏன் விழல?"

"அவுக பூட்ஸு போட்டிருந்தாக."

"அட, செருப்புப் போட்டுக்கிட்டு வரப்புல நடந்து பாத்திருக்கியாப்பா? வெறுங்காலு வழுக்குமா, செருப்பு வழுக்குமா?"

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்த ஊரில் பிறந்தவன் எவனும் அதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. வரப்பில் ஏறும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிற ஊர் அது. ராக்கையாவே ஒரு நாளும் செருப்போடு வரப்பில் நடந்தவர் இல்லை.

"பூட்ஸுக்கு அடியில குமிழு இருக்கு. ஆறு குமிழு. நான் பாத்தேன். அது மண்ணக் கவ்வுது," என்றார். "வழுக்குன தடம் அங்கனதான் கெடக்கு. காஞ்சு கல்லாக் கெடக்கு. ஒரு தடவ வந்து பாருங்க. வந்து தொட்டுப் பாத்தாப் போதும்."

அவர் சுந்தர்ராஜைப் பார்த்தார். சுந்தர்ராஜுக்குப் பூட்ஸ் தெரியும்; மதுரையில் பார்த்திருக்கிறான். அவனுக்குத் தரையும் தெரியும். இரண்டாவது பாதியில் அவனே மூன்று தடவை விழுந்தான். ஆனால் தரை அருமை என்று விசில்காரரிடம் சொன்னதும் அவன்தான். வாத்தியார் சாவடித் தூணைப் பார்த்தபடி நின்றான். ராக்கையா இன்னும் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். அதற்குள் யாரோ வெற்றிலைத் தட்டை நகர்த்த, பேச்சு வேறுபக்கம் போய்விட்டது. ஒருவரும் பொட்டலுக்கு எழுந்து வரவில்லை.

எழுந்து வந்த ராக்கையா நேராக மில்லுக்குப் போனார். பேச்சிமுத்து நிழலில் உட்கார்ந்து உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நானும் மூணு நாளா யோசிக்கிறேன். எனக்கே தெரியல, எப்பிடி விழுந்தேன்னு," என்றான். "ஒருவேள பயந்துட்டேனோன்னு இருக்கு."

ராக்கையா அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னார். தண்ணீர் விட்டதை, குதிகாலை ஊன்றிப் பார்த்ததை, முதுகில் பார்த்த ஈரத்தை. சாவடியில் சொன்னதையும் யாரும் நம்பாததையும் சொன்னார். முடிந்ததும் அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. உடனே அது போய்விட்டது.

"எங்காலுக்காகவா மாமா விட்டீக?"

"ஆமாய்யா."

"அப்ப விடுங்க. எங்கிட்டச் சொன்னதே போதும்."

"போதாதுலே. ஊருக்குத் தெரியணும்."

"ஊரு எங்க மாமா கேக்கப்போகுது?" என்றான். "நாளைக்கு மலைக்குப் போறேன். எஸ்டேட்டுல மூட்ட தூக்க ஆளு வேணுமாம். இங்கன மூட்டைக்குக் கைகுடுக்கக்கூட ஆளில்ல."

ராக்கையா பதறிப்போனார். "வேணாம்லே! இப்ப நீ அங்கன போனா அவனுக சொன்னது நெசமாயிரும்!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் கையை உதறவில்லை.

புதன்கிழமை அவன் போய்விட்டான். ஒரு துணி மூட்டையோடு, மலைக்குப் போகிற தேவாரம் பாதையில் நடந்து போனதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். சாவடி அன்று கலகலப்பாக இருந்தது. "பாத்தியா? நான் அப்பவே சொல்லல?" என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். ராக்கையா இனிமேல் என்ன சொன்னாலும் எடுபடாது. அவர் கையில் மிஞ்சியிருக்கிற சாட்சி ஒன்றே ஒன்று. அது கிழக்குக் கோலுக்கு எட்டடி முன்னால், தரையில் இருந்தது.

ஒன்றரை முழ நீளத் தடம். குதிகால் முதலில் அழுந்திய இடம் ஆழமாக, போகப் போக அகலமாக, அதற்குப் பின்னால் முழங்கை குத்திய ஒரு குழியோடு. ஐந்து நாள் வெயிலில் அது சுட்ட செங்கல் மாதிரி ஆகிவிட்டது. வழுக்கியவன் கால் எப்படிப் போயிருக்கும் என்று குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். ஆனால் பொட்டலில் ஆட்டம் இல்லாத நாட்களில் ஊர்மாடுகள் அந்த வழியாகத்தான் ஆற்றுக்குப் போகும். ஏற்கெனவே ஒரு குளம்பு ஓரத்தை உடைத்திருந்தது.

வியாழக்கிழமை விடியும்போது பொட்டலில் ஆள் தெரிந்தது. ஆட்டமே இல்லை, இந்த மனுஷன் நெருஞ்சி பிடுங்கக் கிளம்பிவிட்டார் என்று ஏர் கட்டிக்கொண்டு போனவர்கள் நினைத்தார்கள். அவர் கையில் ஓலைப்பெட்டி இல்லை. தலையில் ஒரு சுமை இலந்தை முள் இருந்தது. இறக்கிவைத்து, ஒவ்வொரு கொப்பாகப் பிரித்து, அந்தத் தடத்தைச் சுற்றி அடுக்கினார். பிறகு எழுந்து, காற்றுக்கும் மாட்டுக்கும் அசையாதபடி ஒவ்வொரு கொப்பின் அடியையும் தரையோடு தரையாக மிதித்து அழுத்திக்கொண்டே சுற்றி வந்தார், வெறுங்காலால்.